எரேஸ் ஹெட் வயரை வெட்டினேன். பழசும் போகல, புதுசும் பதியல

கேள்வி, பர்மாவுல இருக்கற மோல்மேனிலிருந்து. 9 ஜூன் 2024

"அண்ணே, டேப்ரெக்கார்டர்ல பழைய பதிவை அழிக்கிற எரேஸ் ஹெட்டுக்குப் போற வயரை வெட்டிவிட்டா பழைய சத்தத்து மேலயே புதுசு ஏறும், அடுக்கடுக்கா வரும்னு சொன்னீங்க. வெட்டினேன். பழசு அப்படியே இருக்கு, அது சரி. புதுசு ஏறவே இல்லை. ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வச்சுக் கேட்டா கிணத்துக்குள்ள இருந்து யாரோ கரகரன்னு பேசுற மாதிரி இருக்கு. நீங்க சொன்னது கப்ஸாவா, என் டேப்ரெக்கார்டர் கப்ஸாவா?"

9 ஜூன், ராத்திரி

ஹெட்டைத் துடைச்சியா தம்பி? மழைக்காலம் வேற. ஸ்பிரிட், பஞ்சு, கை நடுங்காம. துடைச்சுட்டுச் சொல்லு.

10 ஜூன்

துடைச்சும் அதேதானாம். மைக் போயிருக்கும்னு நினைக்கிறேன். இங்கே ரங்கூன்ல இப்ப கரண்ட் இல்லை. வந்ததும் என் டேப்பைத் திறந்து பார்த்துட்டு எழுதறேன்.

12 ஜூன்

மைக் இல்லை. ஹெட் அழுக்கும் இல்லை. தப்பு என்னுதுதான்.

டேப்பில் பதியணும்னா சத்தத்தோட கூடவே காதுக்கு எட்டாத ஒரு அலையையும் ரெக்கார்ட் ஹெட்டுக்குள்ள அனுப்பணும். பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ். பயாஸ்னு சொல்றது அதைத்தான். அது இல்லேன்னா புதுசு மெலிஞ்சு, உடைஞ்சு, கரகரன்னுதான் விழும். நீ கேட்டது அதேதான். அந்த அலையை உண்டாக்குற ஆஸிலேட்டர்தான் எரேஸ் ஹெட்டையும் ஓட்டுது. சின்ன டேப்ரெக்கார்டர் பலதுல காசை மிச்சம் பிடிக்க எரேஸ் ஹெட்டோட காயிலையே, அதாவது கம்பிச் சுருளையே, ஆஸிலேட்டருக்கும் வச்சுக்குவான். நீ வயரை வெட்டினதும் ஆஸிலேட்டரே படுத்துடுச்சு.

நான் எப்பவோ ஒரு பெரிய கேசட் டெக்குல வெட்டினேன். அதுல ஆஸிலேட்டருக்குத் தனி காயில் இருந்தது, வேலை செஞ்சது. அந்த ஒண்ணை வச்சு ஊர் உலகத்துக்கே சட்டம் போட்டுட்டேன். இப்ப என்கிட்ட இருக்கற மோனோ டேப்ரெக்கார்டர்ல மின்சார எரேஸ் ஹெட்டே கிடையாது. ஒரு சின்னக் காந்தக் கட்டி. ரெக்கார்ட் பட்டனை அழுத்தினா ஒரு கை நகர்ந்து வந்து டேப்பைத் தொடும். அதை நூல் போட்டுப் பின்னால இழுத்துக் கட்டிட்டேன். வெட்டும் இல்லை, சால்டரும் இல்லை.

உனக்கு வழி: வயரைத் திரும்ப ஒட்டு. எரேஸ் ஹெட் முகத்தை மட்டும் மூடு. காபி மிக்ஸ் பாக்கெட்டைக் கத்தரிச்சு நாலா மடிச்சு, ஹெட்டுக்கு மேலே போர்வை மாதிரி போர்த்து. டேப் அது மேல வழுக்கிட்டுப் போகணும், உரசி மாட்டக் கூடாது. ஆஸிலேட்டர் ஓடும், அழிக்கிறது டேப்புக்கு எட்டாது.

13 ஜூன்

மடிப்பு போதுமான்னு கேட்டான். ஒண்ணா மடிச்சா பாதி அழியும், பேய் மாதிரி மிச்சம் நிக்கும். அதுவும் ஒரு ருசிதான். எத்தனை மடிப்புன்னு நீயே கேட்டு முடிவு பண்ணு.

15 ஜூன்

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். எரேஸை மூடினாலும் அடியில இருக்கறது சேதாரம் இல்லாம இருக்காது. ரெக்கார்ட் ஹெட்டுல ஓடுற அந்தப் பயாஸே பழசைக் கொஞ்சம் தேய்க்கும், முதல்ல கீச்சுக் குரலை. மூணு நாலு அடுக்கு ஏறினதும் அடியில இருக்கறது சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசுற மாதிரி ஆயிடும். அதனால தெளிவா கேட்கணும்னு நினைக்கறதைக் கடைசியில ஏத்து. நான் தலைகீழா செஞ்சு ஒரு மாசம் வீணாக்கினேன்.

16 ஜூன்

"இத்தனை பாடு எதுக்கு, போன்ல ஒரு நிமிஷத்துல லூப் போடலாமே"ன்னு ஒருத்தர். லூப்னா முனையோட முனை ஒட்டி, ஒரே சத்தம் சுத்திச் சுத்தி வர்றது. போடலாம், நானும் போட்டிருக்கேன். போன்ல லூப்போட நீளம் ஒரு எண். டேப்புல அதைக் கையில பிடிச்சு ஸ்கேல் வச்சு அளக்கலாம். கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுது. அஞ்சு வினாடி வேணுமா, 23.8 செ.மீ. வெட்டு. ஒரு மீட்டர் எடுத்தா 21 வினாடி. என் சமையல்கட்டு வாசப்படியிலிருந்து தண்ணிப்பானை வரைக்கும் முக்கால் நிமிஷம்.

அவருக்கு இது பதிலாகுமான்னு தெரியல. எனக்கு இது போதும்.

19 ஜூன்

லூப் எப்படிக் கட்டுறதுன்னு மூணு பேர் கேட்டாச்சு. ஒரே தடவை சொல்றேன்.

ஸ்க்ரூ போட்ட கேசட்டா எடுங்க, அஞ்சு ஸ்க்ரூ இருக்கும். ஒட்டின ஓடு வேண்டாம், பிரிச்சா உடையும். உள்ளே இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு, காலி ஓட்டுக்குள்ள ஒரு தையல் நூலை டேப் போற வழியில விட்டு அளங்க: வலது சக்கரத்தைச் சுத்தி, வலது மூலை உருளை, முன்னாடி பஞ்சு வச்ச தகடு, இடது மூலை உருளை, திரும்ப வலது சக்கரம். என் ஓட்டுல 24 செ.மீ. வந்தது, கிட்டத்தட்ட அஞ்சு வினாடி. இடது சக்கரத்தைத் தூக்கி வெளியே வச்சுடலாம். வலது சக்கரத்தைச் சுத்தாம விட்டீங்கன்னா சில டேப்ரெக்கார்டர் "டேப் முடிஞ்சிடுச்சு"ன்னு நினைச்சுக்கிட்டுத் தானா நின்னுடும். அதுக்குத் தெரியறது சக்கரம் சுத்துதா இல்லையாங்கறது மட்டும்தான்.

சவர பிளேடு, சாய்ச்சு 45 டிகிரி. நேரா வெட்டினா ஒவ்வொரு சுத்துலயும் "டக்". சாய்ச்சு வெட்டினா அந்த டக் இழுபட்டு மெத்துன்னு ஆகும். கேசட் டேப் அகலம் 3.8 மில்லிமீட்டர், நம்ம ஹெட் படிக்கிறது அதுல பாதிக்கும் குறைவு, அதனால 0.03 வினாடி இழுபடும். அவ்வளவு போதும், காது மன்னிச்சுடும். ஒட்டுறது பின்பக்கத்துல, அதாவது ஹெட்டைத் தொடாத பக்கத்துல. ஓரத்துல முடி அளவு பிதுங்கினாலும் சீவி எடுங்க.

கடையில விக்கிற சாதா செலோ டேப் வேண்டாம். ரங்கூன் வெயிலுக்கு ஒரு வாரத்துல பசை கசிஞ்சு பஞ்சுத் தகட்டுல அப்பிக்கும். அப்புறம் லூப் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை தயங்கும். நான் அந்தத் தயக்கத்தை ரெண்டு நாள் "ஆகா, என்ன ஒரு லயம்"னு ரசிச்சேன்.

20 ஜூன்

லூப் தளர்ந்திருந்தா பின்ச் ரோலர், அதான் டேப்பை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளை, தின்னுடும். அவசரப்பட்டு இழுக்காதீங்க, ரோலரைப் பின்னால சுத்தி எடுங்க.

23 ஜூன்

வேகத்தைக் குறைக்கிற விஷயம். மோட்டார் பின்னாடி சின்ன ஓட்டை இருந்து, உள்ளே ஒரு திருகு தெரிஞ்சா அதிர்ஷ்டம். அதைத் திருப்பினா வேகம் ஏறும், இறங்கும். பாதி வேகத்துக்கு இறக்கினா ஒரு ஸ்தாயி கீழே போகும், அஞ்சு வினாடி லூப் பத்து வினாடி ஆகும்.

நான் முதல்ல செஞ்சது என்னன்னா, பேட்டரி வயர் நடுவுல ஒரு வால்யூம் கன்ட்ரோலைப் போட்டு மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் குறைச்சேன். முட்டாள்தனம். உள்ளே இருக்கற கவர்னரோட வேலையே வேகம் மாறாம பார்த்துக்கறது. நான் குறைக்கக் குறைக்க அது இழுத்துப் பிடிச்சது, ஒரு கட்டத்துல மூச்சு முட்டி அப்படியே நின்னது. சரியான வழி மோட்டாரைத் திறந்து, அந்தத் திருகோட மதிப்பை மல்டிமீட்டர்ல அளந்து, அதே மதிப்புல ஒரு வால்யூம் கன்ட்ரோலை வெளியே ரெண்டு வயர்ல இழுத்து வைக்கிறது. ரொம்பப் பழைய மோட்டார்ல வேகத்தைப் பார்த்துக்கறது சுத்துற எடையும் காண்டாக்டும்தான். அதுல இந்த வித்தை நடக்காது. எனக்குச் சால்டர் பண்ணிக் கொடுத்த ஸயா, வாத்தியாரை இங்க அப்படித்தான் சொல்றது, அதைப் பார்த்ததும் மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

24 ஜூன்

கரண்ட் நாலு மணி நேரம் வருது, நாலு மணி நேரம் போகுது, சில நாள் அந்தக் கணக்கும் இல்லை. பக்கத்து மாடியில ஜெனரேட்டர் போட்டா என் லூப்புல எல்லாம் அதுதான் பதியுது. இப்ப கார் பேட்டரியில 7806 ரெகுலேட்டர் வச்சு ஆறு வோல்ட் எடுக்கறேன். நாலு பெரிய பேட்டரி போடற டேப்புக்கு அது சரியா இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இல்லாததால அந்த ஐம்பது ஹெர்ட்ஸ் ஹம்மும் போச்சு. இருட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கறதுல ஒரு சௌகரியம்: வேற யாரும் எதுக்கும் கூப்பிடறதில்லை.

27 ஜூன்

இனி என் கைவரிசை. தங்கச்சி மகன் மிருதங்கம் படிக்கிறான். ஆதி தாளம், எட்டு அட்சரம், சொல்லை நேரா வாசிடான்னு சொல்லி டேப்புல எடுத்தேன். கணக்கு சுலபம்: 24 செ.மீ. லூப், எட்டால வகுத்தா ஒரு அட்சரத்துக்கு மூணு செ.மீ., 0.63 வினாடி, நிமிஷத்துக்கு 95. அந்த வேகத்துக்குப் போன்ல டிக்டிக் வச்சு வாசிக்கச் சொன்னேன். பையன் பாவம், நாலு தடவை.

கோயில்ல தவில் வாசிச்ச மாமா ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். லூப்பை ஓட விட்டேன். தொடையில தட்டிக்கிட்டே இருந்தார். அஞ்சாறு சுத்துக்கு அப்புறம், "மாப்ளே, இது ஏழே முக்கால்."

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

28 ஜூன்

அளந்து பார்த்தேன். 23.2. முதல் வெட்டு கோணலா போச்சுன்னு ரெண்டு தடவை சீவியிருக்கேன், எட்டு மில்லிமீட்டர் போயிருக்கு. ஒரு அட்சரம் முப்பது மில்லிமீட்டர்னா கால் அட்சரம் ஏழரை. மாமா தொடையில அளந்தது ஸ்கேல்ல சரியா இருக்கு. லூப்பும் கொஞ்சம் இறுக்கமாத்தான் ஓடிட்டிருந்தது, நான் கண்டுக்கலை.

கேசட் தொடக்கத்துல வரும்ல வெள்ளை லீடர், சத்தம் பதியாத பிளாஸ்டிக், அதுல எட்டு மில்லிமீட்டர் வெட்டி நடுவுல வச்சு ஒட்டினேன். மாமாவுக்குப் போன்ல போட்டுக் காட்டினேன். "இப்ப எட்டு. ஆனா கடைசியில மூச்சு வாங்குறான்."

29 ஜூன்

அந்த லீடர் விஷயத்தைச் சும்மா விட முடியலை. மூணு சென்டிமீட்டர் லீடர்னா ஒரு அட்சரம் கார்வை, சத்தமில்லாத இடைவெளி. இப்ப நாலாவது அட்சரத்தைக் கழட்டி லீடர் வச்சிருக்கேன், ஆறாவதைக் கழட்டி ஒண்ணு. பையன் வாசிச்சதுல இருந்து நானே ஒரு கோர்வை தைக்கிற மாதிரி. ஒட்டு அதிகமானா டேப் விறைச்சுப் போய் உருளையில தடுக்குது, ஆறு ஒட்டுக்கு மேல தாங்கலை.

1 ஜூலை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" கேள்வி வரும்னு தெரியும்.

1944-ல கெய்ரோவுல ஹலீம் எல்-தாப்ங்கறவர் ஒயர் ரெக்கார்டரை, அதாவது டேப்புக்கு முந்தின இரும்புக் கம்பி ரெக்கார்டரை, இரவல் வாங்கிப் பெண்கள் நடத்துற பேய் விரட்டற சடங்கைப் பதிஞ்சு, அந்தச் சத்தத்தையே உருட்டிப் பிசைஞ்சார். பாரிஸ்ல பியர் ஷெஃபர் ரயில் சத்தத்தை வச்சுச் செஞ்சது 1948. அதுவும் டேப் இல்லை, கிராமபோன் தட்டுல சுத்துற இடத்துலயே சுத்துற மாதிரி மூடின கோடு. அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல 1969-லயே ஒரு மூக் சின்தசைசரும், அதாவது மின்சாரத்துலயே சத்தம் உண்டாக்குற கருவியும், டேப்பும் வச்சு ஸ்டுடியோ போட்டாங்க. அதைப் போட்டுக் கொடுத்தவர் டேவிட் ட்யூடர்ங்கற அமெரிக்கர்தான், ஆனா உள்ளே உட்கார்ந்து செஞ்சவங்க நம்ம ஆளுங்க.

எனக்குப் பிடிச்சது நாம் ஜுன் பைக். கொரியாக்காரர், 1963-ல ஜெர்மனியில வுப்பர்டால்ங்கற ஊர்ல டேப்பைத் துண்டு துண்டா சுவத்துல ஒட்டிட்டார். ஹெட்டைக் கழட்டி, பார்க்க வர்றவங்க கையில கொடுத்துட்டார். எந்தத் துண்டை எந்த வேகத்துல தேய்க்கிறீங்களோ அது பேசும். நான் அதைச் சமையல்கட்டு டைல்ஸ்ல செஞ்சேன். வீட்டுல சொன்னதை இங்க எழுத முடியாது.

அப்புறம் அதே 1963-ல பர்மிங்ஹாம்ல வந்த மெல்லோட்ரான், சாவிக்கு ஒரு டேப் லூப் வச்ச கருவி.

1 ஜூலை, பிறகு

மெல்லோட்ரான்ல லூப் இல்லை. ஒரு சாவிக்கு ஒரு நாடா, எட்டு வினாடிக்கு ஓடும், விரலை எடுத்தா ஸ்பிரிங் பின்னால இழுத்துக்கும். விரலை எடுக்கலேன்னா எட்டு வினாடியில சத்தம் தீர்ந்துடும். சுத்திச் சுத்தி வர்றது இதுல கிடையவே கிடையாது. எழுதினதும் உறுத்துச்சு, அதான்.

3 ஜூலை

டீக்கடை. வாசல் பக்க மேசை, லூப் போட்ட டேப்ரெக்கார்டரைப் பையில வச்சுக்கிட்டு, ரெக்கார்ட் அழுத்தி அஞ்சு வினாடிக்கு விட்டேன். பையன் உள்ளே பார்த்துக் கத்துறான்: "சோ ஸெய்ன் தக்வெ, ச ஸெய்ன் நக்வெ!" ஒரு இனிப்புப் பால் டீ, ரெண்டு ஸ்ட்ராங் பால் டீ.

வீட்டுல வந்து ஓட விட்டேன். பத்தாவது சுத்துல வார்த்தை போச்சு, பாட்டு வந்தது. சத்தியமா பாட்டு, மூணு சுரத்துக்குள்ள ஏறி இறங்குது. இதுக்கு 'ஸ்பீச் டு சாங் இல்யூஷன்', பேச்சு பாட்டாகிற மயக்கம்னு பேர் உண்டு. டயானா டாய்ச்னு ஒரு ஆய்வாளர் 1995-ல தன்னோட குரலையே திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கிட்டிருந்தப்ப, பேச்சு பாட்டா மாறுறதைக் கவனிச்சாங்க. பேச்சுல ஒரு எழுத்து மாறலை, மாறினது கேட்கிற காது.

பர்மியம் சுரம் பார்த்துப் பேசற பாஷை, அதனால சீக்கிரம் பாட்டாச்சோ என்னவோ. சோதிச்சுப் பார்க்க "தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா"ன்னு நானே தமிழ்ல சொல்லிப் போட்டேன். இருபது சுத்து ஆச்சு, அதுவும் பாட்டா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஒப்பாரி மாதிரி வந்தது. என் குரல் லட்சணமா இருக்கலாம்.

4 ஜூலை

ரெண்டு டேப்ரெக்கார்டர்ல ஒரே டீக்கடைப் பையனை வச்சு ஒண்ணா ஓட விட்டேன். ரெண்டு மோட்டார் ஒரே வேகத்துல ஓடாது. மெதுவா ஒருத்தனை ஒருத்தன் முந்துறான், எதிரொலி ஆகுது, அப்புறம் சண்டை. அமெரிக்காவுல 1965-ல ஸ்டீவ் ரைஷ் இந்த விலகலைக் கவனிச்சு அதையே இசையாக்கினார். அவருக்கு அது நடக்க வேண்டிய அளவுக்கு நிதானமா நடந்தது. எனக்கு ஒரு டேப்ல பெல்ட் போய், அத்தோ நூடுல்ஸ் பொட்டலத்து ரப்பர் பேண்டைப் போட்டிருக்கேன். அது முந்துறதும் இல்லை பிந்துறதும் இல்லை, தண்ணி அடிச்சவன் மாதிரி நடக்குது.

6 ஜூலை

விளையாட்டுக்கு இன்னொண்ணு. லூப்பை ஒட்டும்போது ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி ஒட்டினேன். மோபியஸ் நாடா. ஒரு சுத்து டேப்போட முகம் ஹெட்டைத் தொடும், அடுத்த சுத்து முதுகு தொடும். பழைய சினிமாப் பாட்டுக் காப்பி இருந்த கேசட்டுலருந்து 24 செ.மீ. வெட்டி, மிச்சத்தை ஒட்டிப் பெட்டியில போட்டுட்டேன்.

முதல் அஞ்சு வினாடி பாட்டு, தெளிவா. அடுத்த அஞ்சு வினாடி மங்கலா, ஆத்துக்கு அந்தக் கரையில படகுக்காரன் பாடுற மாதிரி: "ஏலூ... ஏலூ... ஏலூ..." அசல் ஏலேலோதான். உடம்பு சிலிர்த்துடுச்சு. எங்கிருந்து வந்தது இது? சுருள்ல பக்கத்துப் பக்கத்துச் சுத்துக் காந்தம் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கும்னு சொல்வாங்களே, அதுவா இருக்கணும்.

7 ஜூலை

அது இல்லை. ஒட்டிக்கிற சத்தம் அவ்வளவு பலமா இருக்காது. உட்கார்ந்து யோசிச்சேன். டேப்பைத் திருப்பினா முகம் மட்டும் மாறலை, ஓரமும் மாறுது. மேல் பாதி கீழே வருது. அப்ப ஹெட் படிக்கிறது கேசட்டோட பி பக்கத்தை. பி பக்கம் எதிர்த்திசையில பதிஞ்சது, அதனால பின்னாலிருந்து முன்னால ஓடுது. அதோட பிளாஸ்டிக் முதுகு வழியா படிக்கிறதால மங்கல். இந்த வேகத்துல 1,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை டேப்புல 47.6 மைக்ரான் நீளம், மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு. C60, அதாவது அறுபது நிமிஷ டேப்போட மொத்தத் தடிமன் 16லருந்து 18 மைக்ரான். ஹெட்டுக்கும் காந்தப் பூச்சுக்கும் நடுவுல ஒரு அலை நீளத்துக்கு இடைவெளி வந்தா 55 டெசிபல் அடிபடும்ங்கறது கணக்கு. பிளாஸ்டிக்கை 12 மைக்ரான்னு வச்சா 1,000-ல 14 டெசிபல், 3,000-ல 40-க்கு மேல. ச, ஸ, ஷ எதுவும் உயிரோட தப்பிக்காது. உயிரெழுத்தும் ல, ம மாதிரி மெல்லோசையும் மட்டும்தான் ஆத்தைத் தாண்டும்.

ஹெட்டுல சிகரெட் சாம்பல் தூசி படிஞ்சா ஏன் சத்தம் மொண்ணையாகுதுன்னும் இப்ப புரியுது. 10,000 ஹெர்ட்ஸுக்கு அலையே அஞ்சு மைக்ரான்கூட இல்லை.

8 ஜூலை

மழை. பெட்டியில நாலு கேசட்டுல வெள்ளையா பூஞ்சை. அதை அப்படியே ஓட விட்டா ஹெட் மூலமா எல்லா கேசட்டுக்கும் பரவும், தனியா வைங்க. எழுத வேற ஒண்ணும் இல்லை.

11 ஜூலை

வயிறு எரியுது.

பூஞ்சை வராத கேசட்டையெல்லாம் தனியா எடுத்து வைக்கும்போது அந்தச் சினிமாப் பாட்டுக் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். பி பக்கம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, 1996-ல, மாமாவோட டேப்பை இரவல் வாங்கிப் பஸ்ல கொண்டுபோய் நான் பதிஞ்சது. பதிஞ்சதே மறந்துபோச்சு. என்ஜின் உறுமல், யாரோ கோழி வச்சிருக்காங்க, நான் "ரெக்கார்ட் ஆகுதா?"ன்னு என்னையே கேட்டுக்கறேன். படியில தொங்கிக்கிட்டு ஸ்பேர், கண்டக்டரை இங்க அப்படித்தான் சொல்றது, பஸ் போற இடங்களோட பேரைக் கூவ ஆரம்பிக்கிறார்: "சூலே, சூ..." டக். பஸ் கிளம்பிடுச்சு.

அந்த டக் என் பிளேடு. ஏ பக்கத்துப் பாட்டு யாருக்கு வேணும்னு 24 சென்டிமீட்டர் வெட்டினேனே, அதே நாடாவுலதானே பி பக்கமும் இருக்கு. இத்தனை வருஷமா டேப் நோண்டுறேன், இது தெரியாதா எனக்கு? தெரியும். ஆனா வெட்டும்போது யோசிக்கலை. 2017 ஜனவரியில ஒய்.பி.எஸ்.ங்கற ரங்கூனோட புது பஸ் ஏற்பாடு வந்து, லைன் கார்னு சொல்ற பழைய பஸ் எல்லாம் போனதோட அந்தக் கூவலும் கொஞ்சம் கொஞ்சமா போச்சு. இப்ப காசைக் கட்டு, ஏறு, இறங்கு.

11 ஜூலை, ராத்திரி

மாண்டலேயிலிருந்து ஒரு அக்கா ஒரே வரி அனுப்பியிருக்காங்க: "தம்பி, உங்க படகுக்காரர் எந்த கேசட்டுல இருந்தார்?"

12 ஜூலை, விடியற்காலை

சூலே. திருப்பினா ஏலூஸ். ஸ் ஆத்துல மூழ்கிடுச்சு. ஏலூ, ஏலூ, ஏலூ.

அஞ்சு நாளைக்கு முன்னாடி 55 டெசிபல் கணக்கெல்லாம் போட்டு "ஹெட் படிக்கிறது பி பக்கத்தை"ன்னு நானே எழுதியிருக்கேன். அந்த பி பக்கத்துல என்ன இருக்குன்னு பார்க்கத் தோணலை.

13 ஜூலை

மொதல்ல பேர் எழுதாத மூணு லூப்புல எது அதுன்னு தேட வேண்டியிருந்தது. அதுக்கு அப்புறம் ஒட்டைப் பிரிச்சு, அரைத் திருப்பை எடுத்து நேரா ஒட்டினேன். ஓட்டைத் திருப்பிப் போட்டா வலது சக்கரம் இடப்பக்கம் போயிடும், அதனால லூப்பை அடுத்த சக்கரத்துக்கு மாத்தினேன். பி பக்கம் எதுவும் அழியலை. இந்த லூப்புல நான் ரெக்கார்ட் அழுத்தவே இல்லை.

ஓட விட்டேன். "லே! சூலே சூலே சூலே... லேடான், சூ—" அதுக்கப்புறம் யாரோ தகரத்துல ரெண்டு தட்டு. "லே! சூலே சூலே சூலே..." அவர் கூவினதே ஏற்கனவே ஒரு லூப். நான் ஒட்டினது அதைச் சுத்தி இன்னொண்ணு.

எத்தனை சுத்துல பாட்டா மாறுதுன்னு எண்ணிப் பார்க்க நினைச்சேன். முதல் சுத்துலயே அது பாட்டுதான், ஸ்பேர் பேசுறதில்லை. பத்து நிமிஷம் ஓடினதும் தங்கச்சி மகன் மிருதங்கத்தை வச்சுட்டு எட்டிப் பார்த்தான். "மாமா, அவர் என்ன விக்கிறார்?"

14 ஜூலை

திரும்பக் கேசட்டுக்குள்ளயே தைச்சுடலாமான்னு ரெண்டு நாளா குழப்பம். லூப்பா வச்சா தினம் ஓட விடுவேன், பூச்சு உதிரும். உள்ளே வச்சா ஓட விடவே மாட்டேன். முதல்ல போன்ல ஒரு காப்பி எடுத்தேன். ஆமா, போன்ல. ஜூன் 16-ம் தேதி கேட்டவர் சிரிக்கட்டும்.

17 ஜூலை

தைச்சாச்சு. ரெண்டு ஒட்டு, ரெண்டு டக். பஸ், கோழி, "ரெக்கார்ட் ஆகுதா", டக், நாலு சூலே, ஒரு லேடான், தகரத்துல ரெண்டு தட்டு, டக், பஸ் கிளம்புது. திருப்பி ஒட்டினதுல மூணு மில்லிமீட்டர் குறையுது. மாமாகிட்ட போட்டுக் காட்டலை. ஏ பக்கத்துல பாட்டு நடுவுல ரெண்டு டக், அது போகட்டும். பி பக்கத்து மேல இனி எதுவும் பதியாதபடி ஓட்டுல இருக்கற சின்ன மூக்கை உடைச்சுட்டேன்.

டீக்கடைப் பையனை வச்சுத்தான் இனி விளையாட்டு.

18 ஜூலை

மோல்மேன் தம்பிக்கு: வயரைத் திரும்ப ஒட்டும்போது ஹெட்டோட கால் உடைஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கே. என்கிட்ட செத்த டெக்கிலிருந்து கழட்டின எரேஸ் ஹெட் ஒண்ணு இருக்கு. காயில் மதிப்பு கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா ஆஸிலேட்டர் கொஞ்சம் தள்ளியாவது ஓடும், ரொம்ப மாறியிருந்தா ஓடாமலும் போகலாம். நாளைக்குக் காலையில மோல்மேன் பஸ்ல டிரைவர்கிட்ட கொடுத்து விடறேன். காபி மிக்ஸ் பாக்கெட்டுக்குள்ள வச்சிருக்கேன், குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதே.